காத்துதான் சுடணும்

"குண்டு பெருசா இருந்தா குறி தானா வந்துருமுங்க."

கோவையில் ஒரு துப்பாக்கிக் கடையில் யாரோ யாரிடமோ சொன்னது. சொன்னவர் முகத்தைக்கூடச் சென்னியப்பன் பார்க்கவில்லை. ஆனால் பொள்ளாச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை அந்த வரி அவர் காதிலேயே உட்கார்ந்திருந்தது.

சென்னியப்பனுக்கு ஐம்பத்தொரு வயது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் வைத்திருந்தார். தென்னாப்பிரிக்காவில் பண்ணை வைத்திருக்கும் மைத்துனர் அவரைக் காட்டுப்பன்றி வேட்டைக்கு அழைத்திருந்தார். எந்தத் துப்பாக்கி என்று சொன்னால் அதையே வாங்கி வைப்பாராம். ஒரே நிபந்தனை, சுடக் கற்றுக்கொடுத்தவரின் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் வாட்ஸ்அப்பிலாவது வர வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வேறொருவருக்கு.

கடிதத்தைச் சென்னியப்பன் தானே அச்சடித்துவிட்டார். பத்திரிகை அட்டை, தங்க ஓரம். 'இவரை நம்பித் துப்பாக்கி கொடுக்கலாம்.' கீழே இரண்டு இடங்கள் காலி. ஒன்று துப்பாக்கியின் பெயருக்கு, ஒன்று கையெழுத்துக்கு.

கையெழுத்துப் போட வேண்டியவள் எப்சிபா. இருபத்தொன்பது வயது. பழைய கல்குவாரிக்குள் இருந்த துப்பாக்கி சுடும் கிளப்பில் எல்லோரும் அவளை மாஸ்டர் என்றார்கள்.

நூற்றைம்பது மீட்டர் தள்ளி, பாறைச் சுவருக்கு முன்னால், சங்கிலியில் ஒரு தோசைக்கல் தொங்கியது. அது ஒலித்தால் கையெழுத்து என்று சென்னியப்பன் தாமாகவே முடிவுசெய்துகொண்டார்.

புதன்கிழமை கேட்டார்.

"கிளப்புல பெரிய ஏர் ரைபிள் மூணு இருக்குதுங்களே மாஸ்டர். குழல் அளவு முப்பத்தஞ்சு, நாப்பத்தஞ்சு, அம்பது. எனக்கு எதுங்க சரிப்படும்?"

"எதுவா இருந்தாலும் காத்துதான் சுடணும், அண்ணா."

சென்னியப்பனுக்குப் புல்லரித்தது. ஏர் ரைபிளில் வெடிமருந்தா இருக்கிறது? உருளையில் அடைத்த காற்றுதானே குண்டைத் தள்ளுகிறது. எத்தனை பெரிய விஷயம், எத்தனை சின்ன வாக்கியம்.

நோட்டை எடுத்தார். இருபத்தைந்து வருஷம் பிழை திருத்திய கை அது. கொச்சையை அப்படியே விடாது.

'காற்றுதான் சுட வேண்டும்.'

அப்படியென்றால், அதிகக் காற்று, பெரிய குழல்.

நாற்பத்தைந்தை எடுத்தார். ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்த காற்று குவாரிக்குள் சுற்றிக் கொடிக்கம்பத்தை ஆட்டிக்கொண்டிருந்தது. கீழே படுத்த உடனே சுட்டார். குண்டு ஒரு சாண் தள்ளிப் பாறையில் பட்டது.

"காத்து பத்தலைங்க மாஸ்டர்."

"நெறைய இருக்குதே," என்றாள் அவள், கொடியைப் பார்த்தபடி.

வியாழக்கிழமை ஐம்பது. பம்ப்பை அவரே அடித்தார். வீட்டில் ஒரு குடம் தண்ணீர் தூக்காத மனிதர் சட்டை நனைய நனைய அடித்தார். குண்டு புளியங்கொட்டை அளவு இருந்தது. அதை விரலில் உருட்டிப் பார்க்கவே அவருக்குச் சிரிப்பு வந்தது.

இந்த முறை மூன்று சாண் தள்ளிப் போனது.

"சத்தம் எப்படிங்க மாஸ்டர்?"

"பாறைக்கு நல்லாக் கேட்டிருக்கும்."

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு வந்தார். ஐந்து மணிக்குக் குவாரியைப் பூட்டிவிடுவார்கள்.

"இதைவிடப் பெருசு எங்கியாவது கெடைக்குதுங்களா மாஸ்டர்?"

எப்சிபா கை நீட்டினாள். "அந்த நோட்டக் குடுங்க. நான் சொன்னதத்தான எழுதுனீங்க?"

"ஒரு எழுத்து விடலீங்க. கொச்சைய மட்டும் திருத்துனேன்."

அவள் படித்தாள். அவர் சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தாள். 'ற்று' என்பதை அடித்து, அச்சகத்தில் அவர் செய்வதைப் போலவே ஓரத்தில் 'த்து' என்று எழுதினாள்.

சென்னியப்பன் இரண்டு முறை படித்தார். கொடியைப் பார்த்தார்.

"காத்துக் கெடந்து..." என்று முணுமுணுத்தவர், தலையில் கை வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"இப்ப எதுலீங்க சுடறது?"

"கையில இருக்கறதுல."

படுத்தார். கொடி படபடத்தது. அரை மணி நேரம். முழங்கையில் எறும்பு ஏறியது. ஏறட்டும் என்று விட்டார். நெஞ்சு மட்டும், முதல் தாள் அச்சிலிருந்து வெளியே வரும்போது அடிப்பதைப் போல அடித்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம். தோசைக்கல் ஆடியபடியே இருந்தது.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கொடி ஈரத்துணி மாதிரி தொங்கியது.

தோசைக்கல் அசையவில்லை. அதன் ஓரத்திலிருந்த கீறல்கூடத் தெரிந்தது. விரல் விசைக்குப் போனது.

அப்போது புதருக்குள்ளிருந்து ஒரு பெண்மயில் வந்தது. பின்னால் மூன்று குஞ்சுகள். தரையைக் கொத்திக்கொண்டே தோசைக்கல்லுக்கு நேர் கீழே வந்து நின்றன.

சுட்டிருக்கலாம். தோசைக்கல் இரண்டு முழம் மேலேதான் இருந்தது.

கொடியின் நுனி லேசாகப் புரண்டது.

"அண்ணா, காத்து வருது," என்றாள் எப்சிபா.

"குஞ்சுக போகட்டுங்க."

விரலை எடுத்துவிட்டார். கொடி விரிந்தது. தோசைக்கல் மறுபடி ஆடத் தொடங்கியது. கடைசிக் குஞ்சு இன்னும் எதையோ கொத்திக்கொண்டிருந்தது. சென்னியப்பன் கண்ணைத் திருப்பாமல் அப்படியே படுத்திருந்தார்.

எப்சிபா அவர் பையிலிருந்து தங்க ஓரம் போட்ட அட்டையை எடுத்து முழங்காலில் வைத்தாள். துப்பாக்கியின் பெயருக்கான இடத்தைக் காலியாகவே விட்டு, கீழே சிவப்புப் பேனாவால் கையெழுத்துப் போட்டாள்.