மேடையைச் சுற்றிச் சிவப்புக் கட்டை

போர் முடிந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும் அந்த நாட்டில் தேர்தல் வரவில்லை. இருபத்தெட்டு வருஷமாக நாற்காலியை விடாத அதிபர் ஒவ்வொரு முறையும் ஒரே காரணம்தான் சொன்னார்: "ஓட்டுப் போடும் மைதானங்களில் மிதிவெடி கிடக்கிறது. முழுவதும் எடுத்துவிட்டு வந்து தேர்தல் கேளுங்கள்." மீறிக் கேட்டவர்கள் சிறையில் இருந்தார்கள்.

ஆனால் அவருடைய வெற்றிவிழா மட்டும் வருஷாவருஷம் அந்த மைதானங்களில் ஒன்றில்தான் நடந்தது. சனம் வேலிக்கு வெளியே நின்று கைதட்ட வேண்டும்.

இந்த வருஷம் அவர் பேசிக்கொண்டிருந்தபோது, மிதிவெடி அகற்றும் வேலை செய்கிற தவமலர் வெடி கிடக்கும் இடத்தைக் குறிக்கும் சிவப்புக் கட்டைகளை மேடையைச் சுற்றி அடிக்கத் தொடங்கினாள். காவலர்கள் பாய்ந்து வந்தார்கள்.

"அசையாதீர்கள்! இங்கே வெடி கிடக்கிறது. அதிபர் பொய் சொல்வாரா?" என்றாள். அவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"என்னடி செய்கிறாய்?" என்று அதிபர் கத்தினார்.

"வெடிக்கு நடுவில் அகப்பட்டவர் நகரக்கூடாது ஐயா, அதுதான் எங்கள் வேலையின் சட்டம். விரல் விரலாகத் தோண்டி உங்களிடம் வந்து சேர மூன்று மாதமாகும். அதுவரை அங்கேயே நில்லுங்கள்."

வேலிக்கு வெளியே சிரிப்பு எழுந்தது. அதிபருக்குக் கோபம் தலைக்கேறியது.

"இங்கே ஒரு வெடியும் கிடையாது! எல்லாம் எப்போதோ எடுத்தாயிற்று!" என்று ஒலிபெருக்கியிலேயே அலறிவிட்டு, இறங்கித் தொம் தொம்மென்று மைதானத்தைக் கடந்து காருக்குப் போனார்.

தவமலர் கட்டைகளைப் பிடுங்கினாள்.

"நிலம் சுத்தம் என்று சொல்கிறவர்தான் முதலில் அதில் நடந்து காட்ட வேண்டும். ஐயா நடந்து காட்டிவிட்டார்," என்று சனத்தைப் பார்த்துச் சொன்னாள். "ஓட்டுப்பெட்டியைக் கொண்டு வாருங்கள்."