வலக்கையில் ஏகாம்பரம்

மலைமேல் மடத்துக் குரு சுள்ளிச்சாமிக்குக் கோபம் வந்தால் மலையடிவாரத்தில் மூன்று ஊர்களிலும் பால் திரிந்துவிடும். அதனால் அந்த ஊர்க்காரர்கள் விடிவதற்குள் பாலைக் காய்ச்சிக் குடித்துவிடுவார்கள். நம்பாதவர்கள் மத்தியானத்தில் அங்கே போய் ஒரு டம்ளர் காபி கேட்டுப் பார்க்கலாம். கிடைக்காது.

அன்றைக்குக் கோபம் வந்தது குருவுக்கு இல்லை. சீடனுக்கு.

சீடன் பெயர் மாசிலாமணி. வயது ஐம்பத்துமூன்று. குருவைவிடப் பன்னிரண்டு வயது பெரியவன். கல்யாணச் சமையல்காரன். அவன் சாம்பார் வாசனை பிடித்து, தாலியைப் பாதி முடிச்சில் விட்டுவிட்டுப் பந்திக்கு ஓடிய மாப்பிள்ளை ஒருவன் உண்டு. மீதி முடிச்சை அவன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்துதான் போட்டான்.

அப்பேர்ப்பட்டவன் நான்கு மாதமாகக் கல்யாண அடுப்பைத் தொடவில்லை. மலைமேல் மடத்தில் மட்டும் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"சாமி, நான் பச்சை குத்திக்கப் போறேனுங்க."

"குத்திக்கோ."

"வலது கையில. முழங்கைக்குக் கீழ. கரண்டி பிடிச்சா கண்ணுல படணும்."

"என்ன படம்?"

"படம் இல்லீங்க. பேரு. ஏகாம்பரம்."

கடலை உரித்துக்கொண்டிருந்த குருவின் கை நின்றது.

"எந்த ஏகாம்பரம்? உன்கூட இருபது வருஷம் சமைச்சவனா?"

"அந்தத் துரோகியேதான்."

சங்கதி இதுதான். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு விஷக்காய்ச்சலில் மாசிலாமணியின் நாக்கு செத்துப்போனது. உப்பும் ஒன்றுதான், சர்க்கரையும் ஒன்றுதான். ஏகாம்பரத்துக்கு மட்டும் அது தெரியும். அன்றிலிருந்து அவன் ருசி பார்ப்பான். பார்த்துவிட்டு அண்டாவின் விளிம்பில் கரண்டியால் தட்டுவான். ஒரு தட்டு என்றால் உப்புப் போதாது. இரண்டு தட்டு என்றால் சரி. மூன்று தட்டு என்றால் உருளைக்கிழங்கைப் போட்டு உப்பை இழுக்க வேண்டும். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும், கரண்டியில் ஒட்டியதை உதறுகிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். எட்டு வருஷம். ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது.

நான்கு மாதத்துக்கு முன்னால், எண்ணூறு இலை விழுந்த ஒரு கல்யாணத்தில், ஏகாம்பரம் கரண்டியை வீசி எறிந்துவிட்டு, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி அதைச் சொல்லிவிட்டான்.

"மறந்துடக் கூடாதுங்க சாமி. அதுக்குத்தான் பச்சை. நாலு மாசத்துல கோபம் இளகிக்கிட்டே வருது. எனக்கே பயமா இருக்கு."

"இளகினா என்ன?"

"அவன் மகளுக்குக் கல்யாணம் வெச்சிருக்கான். இன்னும் பத்து நாளு. அண்ணன் வந்துதான் அடுப்பைப் பத்த வெக்கணும்னு ஆள்மேல ஆளா சொல்லி அனுப்பறான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்க! அன்னைக்கு என் காலு பாட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுச்சுன்னா? அதுக்குள்ள இது கையில இருக்கணும்."

"யாரு குத்தப் போறது?"

"அதைக் கேக்கத்தான் வந்தேன். இந்த வயசுல முதல் பச்சை. தோல் வேற தளர்ந்துபோச்சு. எந்த ஆளு நல்ல ஆளுன்னு நீங்கதான் சொல்லணும்."

"எனக்கு எப்படித் தெரியும்? போய்ப் பாரு. உன்கிட்ட முதல்ல என்ன கேக்கறாங்கன்னு மட்டும் வந்து சொல்லு."

பிறகு குரு மத்தியானத்துச் சாம்பாரைக் காட்டினார். "போறதுக்கு முன்னாடி இதை எங்கேயாவது தூரமாக் கொட்டிட்டுப் போ. நேத்து உன் சாம்பாரைத் தின்ன காக்கா வாய் கொப்பளிக்கக் கடலுக்குப் பறந்து போச்சு. அங்க தண்ணியைக் குடிச்சுப் பார்த்துட்டு, இது தேவலைன்னு அங்கேயே கூடு கட்டிடுச்சாம்."

மாசிலாமணி சிரிக்கவில்லை.

முதலில் சேலம் போனான். அங்கே ஒரு டாட்டூ கடை பிரசித்தம். அந்தக் கடையில் முதுகில் புலி குத்திக்கொண்ட ஒருவனால் கறிக்கடைப் பக்கம் நடமாட முடியவில்லை, சட்டைக்குள்ளிருந்து உறுமல் வருகிறது என்று சொன்னார்கள். குத்துகிறவனுக்குத் தாடி மார்பு வரைக்கும் இருந்தது.

"ஏகாம்பரம் யாருங்கண்ணா? அப்பாவா?"

"எங்கப்பா பேரு நாச்சிமுத்து."

"அப்ப அண்ணனா?"

"துரோகி!"

தாடிக்காரன் ஊசியைக் கீழே வைத்தான். "துரோகி பேரை யாருங்கண்ணா குத்திக்குவாங்க?"

மாசிலாமணி சொன்னான். நாக்கு, காய்ச்சல், கரண்டி, மூன்று தட்டு, எல்லாவற்றையும் சொன்னான். கோபத்தில் குரல் ஏறிவிட்டது. காத்திருந்த ஏழெட்டுப் பேரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். ஒருவன் எழுந்து நின்றான்.

"அண்ணா, எங்க அக்கா கல்யாணத்துக்கு நீங்கதானே சமைச்சீங்க? உங்களுக்கு ருசியே தெரியாதா?"

மாசிலாமணி அவனை முறைத்தான். தாடிக்காரன் சமாதானமாகச் சொன்னான்: "விடுங்கண்ணா. பேரு குத்திக்கிட்டா இதயம் ஒண்ணு இனாம். பேருக்குக் கீழேயே போட்டுடட்டுங்களா?"

மாசிலாமணி திட்டிய திட்டில் சுவரில் மாட்டியிருந்த டிராகன் படம் வாயை மூடிக்கொண்டது.

அடுத்து ஈரோடு. அங்கே இருந்தவர் நெற்றி நிறைய விபூதி வைத்தவர். பெயரைக் கேட்டதுமே கைகூப்பினார்.

"காஞ்சிபுரத்து சாமிங்களா! பக்கத்துல மாமரம் ஒண்ணு போட்டுடுவோம். அந்தக் கோயிலுக்கு அதானே அழகு?"

"சாமியுமில்லை, மரமுமில்லை! இவன் ஒரு நம்பிக்கைத் துரோகி!"

அங்கேயும் கதை முழுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டு முடித்த விபூதிக்காரர், "எட்டு வருஷம் வெளிய சொல்லலீங்களா அவரு? பரவாயில்லையே," என்றார். மாசிலாமணி பாதியில் எழுந்து வந்துவிட்டான்.

சாயங்காலம் கரூரில் ரெஜினா என்று ஒரு பெண்ணைப் பிடித்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். மாடியில் ஒற்றை அறை. சுவரில் படம் எதுவும் இல்லை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாரு இவரு உங்களுக்கு?"

"ஏம்மா, எல்லாரும் இதையே கேட்டா எப்படி? ஊசியை எடுத்தமா, குத்தினமான்னு இருக்க மாட்டீங்களா?"

"சொல்லுங்க."

சொன்னான். மூன்றாம் தடவை என்பதால் கதை நன்றாகப் பழகியிருந்தது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் பல்லைக் கடிக்க வேண்டும் என்றெல்லாம் தெரிந்திருந்தது.

"அவரு கரண்டியை வீசினாரு, சரி. அதுக்கு முன்னாடி நீங்க என்ன சொன்னீங்க?"

"நீ பச்சை குத்தறவளா, ஜட்ஜா?"

"சும்மா ஒரு கரண்டியை யாரும் வீச மாட்டாங்க."

மாசிலாமணி ஜன்னலைப் பார்த்தான். "ரசம் வர லேட்டாச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க என்னைச் சத்தம் போட்டாங்க. நான் அவனைப் பார்த்து, கரண்டி கழுவ வந்தவனுக்குப் பொறுப்பு எங்கிருந்து வரும்னு கேட்டேன். தொழில்ல ஆயிரம் பேச்சு வரும்மா! அதுக்கு இதைச் சொல்லலாமா?"

"சொல்லியிருக்கக் கூடாதுதான்," என்றாள் ரெஜினா. ஊசியை எடுக்கவில்லை. ஒரு நீலப் பேனாவை எடுத்து, அவன் வலக்கையில் ஏகாம்பரம் என்று அச்சுப்போல எழுதினாள்.

"என்னம்மா இது?"

"நாப்பது வயசு தாண்டி முதல் பச்சைக்கு வர்றவங்களுக்கு நான் இப்படித்தான் செய்வேன். சின்னப் பசங்க காதல்ல குத்திக்குவாங்க. பெரியவங்க கோவத்துல குத்திக்குவாங்க. பசங்க அழுதா தேத்திடலாம். இதோட ஏழு நாளு நடமாடிட்டு வாங்க. அப்பவும் வேணும்னா குத்தறேன். நல்லாவே குத்துவேன்."

அந்த ஏழு நாளும் மாசிலாமணி பட்டது கொஞ்சமில்லை.

பஸ்ஸில் கண்டக்டர் சீட்டைக் கிழித்துக்கொண்டே, "அண்ணன் பேருங்களா? கூடப் பொறந்த பாசம்னா இப்படியில்ல இருக்கணும்," என்றான். சவரக் கடையில் "தவறிட்டாருங்களா?" என்று துக்கம் விசாரித்தார்கள். மளிகைக் கடையில் ஒரு கிழவி அந்தப் பெயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒவ்வொருவரிடமும் அவன் நின்று, பல்லைக் கடித்து, முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டில் அவன் மனைவி தவமணி சோற்றுக் கரண்டியைக் கையில் பிடித்தபடி அரைமணி நேரம் அந்தக் கையையே பார்த்தாள்.

"இருபத்தொம்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். நாலு எழுத்து என் பேரு. அதுக்கு உன் உடம்புல எங்கேயும் எடமில்ல. ஏகாம்பரத்துக்கு மட்டும் முழங்கை வரைக்கும் எடமா?"

"அது ஆத்திரத்துல எழுதினதுடி!"

"என்மேல உனக்கு ஆத்திரமே வந்ததில்லையா?"

தட்டில் சோறு விழவில்லை. கிளம்பி மலையேறிவிட்டான். அவன் ஏறிய வேகத்தில் படிக்கட்டில் படுத்திருந்த ஆடுகளெல்லாம் எழுந்து ஓரமாக வரிசையில் நின்றன.

குரு வெயிலில் சுள்ளி உடைத்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா? முதல்ல என்ன கேட்டாங்க?"

"சேலம், ஈரோடு, கரூர், ரெண்டு பஸ்ஸு, சவரக் கடை, மளிகைக் கடைன்னு எல்லாரும் ஒண்ணையேதான் கேட்டாங்க! இவரு உனக்கு யாருன்னு! இந்த உலகத்துல ஒரு மனுஷன் நிம்மதியா விரோதி பேரைக் குத்திக்க முடியாதுங்களா?"

"நீ என்ன சொன்ன?"

"நடந்ததைச் சொன்னேன்."

"நாக்கு விஷயத்தையுமா?"

"அதைச் சொல்லாம எப்படிங்க துரோகம் புரியும்?"

குரு ஒரு சுள்ளியை முறித்தார். "அவன் ஒரு மண்டபத்துல சொன்னான். நீ சேலம், ஈரோடு, கரூர், நடுவுல ரெண்டு பஸ்ஸு, ஒரு சவரக் கடை, ஒரு மளிகைக் கடைன்னு சொல்லியிருக்க."

மாசிலாமணிக்கு முகம் கறுத்துப்போனது. "நீங்களும் அவன் கட்சிதானா? சொன்னது அவன்! எண்ணூறு பேரு முன்னாடி என்னைத் தலைகுனிய வெச்சவன் அவன்! எட்டு வருஷம் காப்பாத்தினதை எட்டு நொடியில கொட்டினவன் அவன்!"

"ஆமா. அவன் செஞ்சது தப்பு."

குரு இப்படி உடனே ஒத்துக்கொள்வார் என்று மாசிலாமணி எதிர்பார்க்கவில்லை. திட்டுவதற்கு வைத்திருந்த மீதி வார்த்தைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

"கையைக் காட்டு," என்றார் குரு.

காட்டினான்.

"கரூர்ல அந்தப் பொண்ணு அச்சு மாதிரி எழுதினாள்னு அடிவாரமே பேசுது. இது கோழி கிளறின மாதிரி இருக்கு."

"அவ எழுதினது ரெண்டு நாள்ல போயிடுச்சுங்க. வேர்வை, குளியல். மூணாம் நாள் காலையில பார்க்கறேன், முதல் எழுத்து மட்டும்தான் லேசாத் தெரியுது."

"அப்புறம்?"

மாசிலாமணி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"அப்புறம்?" குருவின் குரல் ஏறியது. கீழே மூன்று ஊர்களில் யார் வீட்டிலாவது பால் மிச்சமிருந்தால் அது அப்போதே போயிருக்கும்.

"அன்னைக்குக் கிணத்தடியில நிக்கறேன். வெங்காயம் உரிச்சுக்கிட்டே அழுதுக்கிட்டே பாடுவான் அந்தப் படுபாவி. மூக்கை உறிஞ்சற இடத்துல சரியாத் தாளம் வரும். அது ஞாபகம் வந்து சத்தமாச் சிரிச்சுட்டேன் சாமி. தனியா நின்னு சிரிச்சிருக்கேன்! கையைப் பார்த்தா பேரைக் காணோம். பதறிப் போச்சு. ஓடிப்போய்ப் பேனாவை எடுத்து நானே எழுதிக்கிட்டேன். எழுத வேண்டியது வலது கையில. அதனால இடது கையால எழுதினேன். கோணலாத்தான் வரும்."

"அடுத்த நாள்?"

"தினமும் குளிச்சதும் அழியுதே. தினமும் எழுதினேன். அழுத்தி எழுதினா நிக்கும்னு அழுத்தி எழுதினேன். ரெண்டு எடத்துல ரத்தம் வந்துடுச்சு. இன்னைக்குக் காலையிலகூட எழுதிட்டுத்தான் தவமணிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு வர்றேன்." அவன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கோபம் மட்டும் குறையவில்லை. "அதனாலதான் கேக்கறேன். நாளன்னைக்குக் கல்யாணம். இப்பவே பஸ் பிடிச்சாத்தான் முடியும். சேலத்தானா, ஈரோட்டானா, அந்தப் பொம்பளையா? நல்ல கையா ஒண்ணைச் சொல்லுங்க!"

குரு எழுந்து வந்தார். பெயர் இருந்த வலக்கையை விட்டுவிட்டு, அவனுடைய இடக்கையைப் பிடித்துத் திருப்பினார். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நீல மை ஏறியிருந்தது.

"இவன் ஒருநாளும் தவறாம வந்து, ரத்தம் வர்ற அளவுக்குக் குத்திட்டுப் போறான்," என்றார். "இவனைவிட நல்ல ஆளா உனக்கு எங்கய்யா கிடைக்கப் போறான்?"