மகாராஜாவின் குதிரை எது?

"இன்னிக்கே போய் உன் குதிரையைப் பார்த்துட்டு வந்துடு. பத்து நாள்ல எல்லாம் ஆத்துக்குள்ள."

துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த வேம்பி, எதிரே இருந்த ஒரு பெண்ணிடம் இதைச் சொன்னாள். ஓடத்தின் மூலையில் மடியில் பூசணிக்காயோடு உட்கார்ந்திருந்தவர் குழைக்காதர். வழுதிராஜனின் சபையில் புலவர். அவர் முதலில் அரண்மனை லாயத்தைத்தான் நினைத்தார். காலையில் பார்த்தபோது குதிரைகள் நன்றாகத்தான் இருந்தன. ஆகவே கேட்டார்.

"எந்தக் குதிரை, தாயே?"

வேம்பி துடுப்பால் காட்டினாள். நகரத்தின் நடுவே ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு திட்டு. முள்ளும் புதருமாகக் கிடந்தது. கோட்டையில் எதை இடித்தாலும் கல்லையும் காரையையும் அங்கேதான் கொட்டினார்கள். உள்ளே இலுப்பை மரத்தடியில் அய்யனார். அவரைச் சுற்றி, ஊர்க்காரர்கள் நேர்ந்துகொண்டு வைத்த மண் குதிரைகள்.

"ராசா அங்க பூங்கா போடப் போறாராம். மராமத்து அய்யா வந்து, குதிரையெல்லாம் உடைசல், தள்ளிடுங்கன்னுட்டாரு. என் புருஷன் வெள்ளத்துல போய் மூணாம் நாள் உசிரோட வந்தாருங்க. அதுக்கு வச்ச குதிரை இருக்கு. அதைத் தள்ளிட்டா நான் சாமிகிட்ட என்ன சொல்வேன்?"

"வேறு இடத்தில் எடுத்து வைக்கக் கூடாதா?"

"வச்சவங்களே தொடக் கூடாதுங்க. தலை விழுந்தா தானா விழணும். அரமனையில நேர்ந்து வச்ச குதிரைகூட அங்கதான் நிக்குது. எதுன்னுதான் யாருக்கும் தெரியாது."

குழைக்காதர் பூசணிக்காயை மறு தொடைக்கு மாற்றி வைத்துக்கொண்டார்.

மறுநாள் சபையில் மராமத்து அதிகாரி கனகசபேசர் வரைபடத்தை விரித்தார். கரையிலிருந்து கரைக்கு நேரான பாதை. நடுவில் தாமரைக் குளம். இருபுறமும் நாற்பது கல் இருக்கைகள்.

"அழகு!" என்றார் மகாராஜா. "ஜனங்கள் மாலையில் காற்று வாங்கட்டும். பாதையில் ஓரிடத்தில் என்னமோ எழுதியிருக்கிறதே?"

"உடைசல், மகாராஜா. அகற்றிவிடுவோம்."

குழைக்காதர் எழுந்தார். "தாராளமாக அகற்றலாம். மகாராஜாவின் குதிரையை மட்டும் முதலில் தனியாக எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள்."

"என் குதிரையா?"

"பெரிய ராணியம்மாவைக் கேளுங்கள்."

திரைக்குப் பின்னாலிருந்து ராணியம்மாவின் குரல் வந்தது. "ஆமாம். உனக்கு மூன்று வயது. அம்மை போட்டிருந்தது. நீ பிழைத்தால் குதிரை வைப்பதாக நேர்ந்துகொண்டேன்."

"எப்படி இருக்கும் அம்மா?"

"பழுப்பு. கழுத்தில் வெள்ளைப் பட்டை."

"அங்கே எல்லாமே பழுப்புதான்," என்றார் குழைக்காதர். "எல்லாவற்றுக்கும் கழுத்தில் வெள்ளைப் பட்டை."

மகாராஜா கனகசபேசரைப் பார்த்தார். கனகசபேசர் அதைக் கண்டுபிடிக்க மூன்று நாள் தவணை கேட்டார்.

நான்காம் நாள் எல்லோரும் திட்டில் இறங்கினார்கள். அங்கே நின்றிருந்த வேம்பி சொன்னபடி மகாராஜா செருப்பைக் கரையிலேயே விட்டார். கனகசபேசர் முன்னால் போய், உயரமான, மூளியில்லாத ஒரு குதிரையின் முன் நின்றார்.

"இதுதான், மகாராஜா. இந்தக் கம்பீரம் வேறு எதற்கு வரும்?"

மகாராஜாவுக்குக் கண் கலங்கியது. கொண்டுவந்த சம்பங்கி மாலையைக் குதிரைக்குப் போட்டார். கைகூப்பிக் கண்களை மூடினார்.

"அது எங்க எருமைக்கு வச்சதுங்க," என்றாள் வேம்பி.

மகாராஜா கூப்பிய கையை எடுக்காமல் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"எருமை சுகமா?"

"சுகமா இருக்குங்க. அப்புறம் மூணு கன்னு போட்டுச்சு."

"உன் புருஷனுக்கு வைத்தது எது?"

"அதோ, அந்தச் சின்னது."

"எருமைக்குப் பெரிது, புருஷனுக்குச் சின்னதா?"

"எருமைக்கு ரொம்ப முடியாம இருந்ததுங்க."

கனகசபேசர் அவசரமாக அடுத்த குதிரையைக் காட்டினார். "அப்படியானால் இது!"

"அது நாவிதர் வீட்டுது அய்யா. மருமகனுக்குப் பல்வலி."

குழைக்காதர் தொண்டையைச் செருமினார். "பாதகமில்லை. இன்னும் முந்நூற்றுப் பத்து இருக்கின்றன. மகாராஜா வரிசையாக எல்லாவற்றையும் கும்பிட்டுக்கொண்டே போனால், அதில் ஒன்று தங்களுடையதாக இருந்தே தீரும். எதைத் தள்ளுவது என்பதை அப்புறம் கனகசபேசர் சொல்வார்."

மகாராஜா சிரிக்க ஆரம்பித்தார். இலுப்பை மரத்தில் இருந்த காக்கைகள் பறந்துபோகும் அளவுக்குச் சிரித்தார்.

"ஒன்றையும் தொடக் கூடாது," என்றார். "பூங்கா வரட்டும். குதிரைகள் இருக்கிற இடத்தில் இருக்கட்டும். குழைக்காதரே, உமக்கு என்ன வேண்டும்?"

"கோட்டைக் காரையை இனி இங்கே கொட்ட வேண்டாம், மகாராஜா. கொட்டிய கல்லே நாற்பது இருக்கைக்குப் போதும்."

"ஆகட்டும்." மகாராஜா தம் முத்துமாலையையும் கழற்றி அவர் கழுத்தில் போட்டார்.

கனகசபேசர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். "மகாராஜா, பாதை நேராக அல்லவா இருக்கிறது?"

"வளைத்துவிடும்."

"எங்கே வளைப்பது?"

"எனக்கென்ன தெரியும்? தினமும் நடக்கிறவர்களைக் கேளும்."

மகாராஜா ஓடம் ஏறிப் போய்விட்டார். கனகசபேசர் வேம்பியிடம் வந்து, "அம்மா, நீங்கள் எப்படிப் போவீர்கள்?" என்று கேட்டார்.

வேம்பி குதிரைகளுக்கு இடையே நடந்தாள். அவள் கால் பட்ட இடத்திலெல்லாம் சுண்ணாம்புத் தூள் போட்டுக்கொண்டே கனகசபேசர் பின்னால் போனார்.