கண்ணாடிக் கூட்டில் வெள்ளைக் கோடு

மலைமேல் ஒரு தாவர ஆராய்ச்சி நிலையம். அங்கே கூட்டிப் பெருக்குகிறவள் மூக்காயி. ஒருநாள் மக்கிய இலை ஒன்றின் மேல் குண்டூசி உயரத்தில் வெள்ளைத் தண்டுகள் நிற்பதைப் பார்த்து, பேராசிரியர் அனந்தபத்மநாபனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவர் லென்ஸில் பார்த்தார். "அடியில கடுகு மாதிரி விதை இருக்கு. புதுச் செடி! என் பேரையே வைக்கப் போறேன்."

"காளான் மாதிரி இருக்குங்கய்யா."

கூட நின்ற மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சிவந்தது. "சாயங்காலத்துக்குள்ள நிரூபி. இல்லைன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

மூக்காயி அவருடைய கறுப்பு மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கேட்டு வாங்கி, அதன்மேல் நாலைந்து தண்டுகளைப் படுக்க வைத்து, டம்ளரால் மூடிவிட்டுப் பெருக்கப் போனாள்.

சாயங்காலம் தண்டுகளை எடுத்தாள். அடியில் வெள்ளை மாவு படிந்திருந்தது. "காளான்தாங்கய்யா இப்படி மாவு உதிர்க்கும்."

"அது தூசி."

"தூசி தண்டு கிடந்த இடத்துல மட்டும் கோடு கோடா விழுமாங்கய்யா?"

அவர் அந்த மாவை மைக்ராஸ்கோப்பில் வைத்து வெகுநேரம் பார்த்தார். கடுகு மாதிரி இருந்ததையும் கீறிப் பார்த்தார்; உள்ளே முளை இல்லை, காளான் இழைதான் உருண்டையாகத் திரண்டிருந்தது. பிறகு இலையோடு வைத்திருந்த பெயர்ச் சீட்டில் 'செடி' என்பதை அடித்து, 'காளான்' என்று எழுதினார். கீழே 'கண்டுபிடித்தவர்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"உன் பேர் என்ன?"

"மூக்காயிங்கய்யா. நாலு வருஷமா உங்க ரூமைப் பெருக்குறது நான்தான்."