பச்சை யானையும் மன்னர் கண்ட பறவையும்

முன்னொரு காலத்தில், எந்த ஊர், எந்த ராஜ்யம் என்றெல்லாம் கேட்டு என்னைத் தொல்லை பண்ணாதீர்கள், மகிழவர்மன் என்று ஒரு ராஜா இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் யார் சிரிக்க வைக்கிறார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார். அவர் சபையில் விதூஷகனாக இருந்தவன் ஆவுடைநம்பி. அவன் வாயைத் திறந்தால் சபையே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். அந்த வாயால்தான் அவன் ஒரு பாவத்தையும் செய்தான்.

ஒரு விஜயதசமியன்று ராஜா அரண்மனைப் பாடசாலைக்குப் போனார். சுவரில் இலைச்சாற்றால் யாரோ ஒரு யானை வரைந்திருந்தார்கள். பச்சைப் பசேல் என்று, காதுக்குப் பதில் இரண்டு வாழையிலையோடு.

"யார் வரைந்தது இது?" என்றார் ராஜா.

ஏழு வயது நாச்சி முன்னால் வந்தாள். "நான்தான். காட்டத் தின்னு தின்னு அது பச்சையாப் போயிடுச்சு."

ராஜாவின் புருவம் உயர்ந்தது. இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால் அந்தக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சியிருப்பார். ஆவுடைநம்பிக்குத்தான் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"அரசே, இந்தப் பள்ளி இன்னும் பத்து வருஷம் நடந்தால் நம் படையில் யானைக்குப் பதில் கீரைக்கட்டுகள் அணிவகுக்கும்!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். பரிவாரமும் சிரித்தது. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று நாச்சியும் சிரித்தாள். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று புரிந்ததும் பாவாடை நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மந்திரி திருமலையப்பருக்கு விதூஷகன் மேல் தீராத பொறாமை. ஆனால் அன்றைக்கு அவனையே புகழ்ந்தார். "அரசே, நம்பி சொன்னது வேடிக்கையல்ல. படம், பாட்டு, கூத்து என்று பிள்ளைகள் பொய் பழகுகிறார்கள். கண்ணால் கண்டதைத் தவிர வேறெதையும் பள்ளியில் வரையவோ பாடவோ ஆடவோ கூடாதென்று ஆணையிட வேண்டும்."

சிரித்த மயக்கத்தில் ராஜா முத்திரை குத்திவிட்டார். ஆவுடைநம்பி ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாம். சொல்லவில்லை. அவனுக்கு அந்தச் சிரிப்பின் போதை இன்னும் தெளியவில்லை. மறுநாள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள்.

மூன்று வருஷம் போனது. ஒரு நாள் காலை ராஜா பரபரப்பாகச் சபைக்கு வந்தார்.

"கனவில் ஒரு பறவையைக் கண்டேன். மயில் மாதிரி, ஆனால் மயில் இல்லை. ஒற்றைக் காலில் சுழன்று பாடியது, பாடப் பாட மழை பெய்தது. அதை என் சிம்மாசனத்தில் செதுக்க வேண்டும். யாராவது வரைந்து கொடுங்கள்!"

சித்திரக்காரர்கள் மயிலையும் கொக்கையும் வரைந்து கொண்டுவந்தார்கள். ராஜா எல்லாவற்றையும் தள்ளிவிட்டார். திருமலையப்பர் எழுந்தார்.

"அரசே, பச்சை யானை வரைந்த பிள்ளைகள் இருக்கும்போது கவலை எதற்கு? எட்டு நாளில் நம்பி அவர்களை வைத்து அந்தப் பறவையை வரைய வைக்கட்டும். முடியாவிட்டால் அவன் சபையை விட்டுப் போகட்டும்."

ராஜா சரியென்று தலையாட்டிவிட்டார். ஆவுடைநம்பி பாடசாலைக்குப் போனான். நாச்சிக்கு இப்போது பத்து வயது.

"யாருமே பார்க்காத பறவை ஒண்ணு வரையேன் தாயி."

"பாக்காதத எப்படிய்யா வரையறது?" என்றாள் அவள். "நீங்க புடிச்சாந்து காட்டுங்க. அப்படியே வரையறேன்."

கோபமில்லை, குத்தலில்லை. அவள் நிஜமாகவே கேட்டாள். தன் வேலை போவது அப்புறம், இந்தக் குழந்தையிடமிருந்து எதைப் பிடுங்கிவிட்டோம் என்பது அப்போதுதான் ஆவுடைநம்பிக்கு உறைத்தது. அந்த ஆணையை எப்படியாவது உடைத்தே தீருவது என்று முடிவு செய்தான்.

எட்டாம் நாள் நாற்பது பிள்ளைகள் பலகையும் கரியுமாகச் சபையில் உட்கார்ந்தார்கள்.

"அரசே," என்று கைகூப்பினான் ஆவுடைநம்பி, "தங்கள் ஆணைப்படி இவர்கள் கண்ணால் கண்டதை மட்டுமே வரைவார்கள். அந்தப் பறவையைக் கண்டவர் இந்த ராஜ்யத்தில் தாங்கள் ஒருவர்தான். தாங்களே காட்டியருள வேண்டும்."

"மன்னர் பறவையாக ஆடுவதா? அபச்சாரம்!" என்று குதித்தார் திருமலையப்பர்.

"ஆணை தாங்கள் சொல்லிப் பிறந்தது, மந்திரியாரே. மாற்றிவிடலாமா?"

மந்திரி உட்கார்ந்துவிட்டார். ராஜாவுக்கோ பறவை ஆசை. இறங்கி வந்தார். பட்டு உத்தரீயத்தை இரண்டு கையிலும் விரித்தார். கழுத்தை நீட்டி, ஒற்றைக் காலில் நின்று, சுழன்றார். கிரீடம் உருண்டுபோய் மந்திரியின் காலடியில் விழுந்தது. ராஜா அதைக் கவனிக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, கீச்சுக் குரலில் பாடிக்கொண்டே சுற்றினார். சபையார் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் மும்முரமாக வரைந்தார்கள்.

ராஜா மூச்சு வாங்க வந்து பலகைகளைப் பார்த்தார். நாற்பதிலும் ஒரே படம்: மீசை வைத்த ஒரு தொந்திக்காரர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். உத்தரீயத்தின் ஓரத்தில் இருந்த சிறு கிழிசலைக்கூட நாச்சி விடவில்லை.

ராஜா சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அப்புறம் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"நம்பி, சுற்றும்போது எனக்குச் சிறகே முளைத்துவிட்டது. நாற்பது பேரில் ஒருவருக்குமா அது தெரியவில்லை?"

"தெரியக்கூடாது என்பதுதானே அரசே ஆணை," என்றான் ஆவுடைநம்பி. "அதற்கு விதை போட்டது என் வாய். தண்டனை எனக்குத் தாருங்கள்."

ராஜா அந்த ஆணையை அங்கேயே கிழித்துப் போட்டார். திருமலையப்பர் ஒரு வருஷம் பாடசாலைக் கூத்தில் குதிரை வேஷம் கட்ட வேண்டும், வால் உட்பட, என்று உத்தரவானது. சொல்லும்போதே ராஜா மறுபடி சிரித்து, தன் முத்துமாலையைக் கழற்றி ஆவுடைநம்பியின் கழுத்தில் போட்டார்.

ராஜா சிரித்தார், பரிசு கொடுத்தார், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்று இப்படிப்பட்ட கதைகளை இங்கே முடித்துவிடுவார்கள். எனக்கு மனசு வரவில்லை. ஏனென்றால் ஆவுடைநம்பி வீட்டுக்குப் போகவில்லை, பாடசாலைக்குப் போனான்.

சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்தான். பச்சை ஒரு பொட்டுக்கூட மிஞ்சவில்லை.

"என்ன மன்னிச்சிரு தாயி," என்றான் நாச்சியிடம். "உன் யானைய நான்தான் அழிச்சேன்."

"எந்த யானை ஐயா?"

அவளுக்கு ஞாபகமே இல்லை. ஆவுடைநம்பி வெளியே போய்க் கொஞ்சம் இலை பறித்து வந்தான். கசக்கிச் சாறெடுத்து, கோணல்மாணலாக ஒரு யானையை வரைந்தான்.

"யானை கறுப்புல்ல?" என்றாள் நாச்சி.

"காட்டத் தின்னு தின்னு இப்படி ஆயிடுச்சாம். முன்னே ஒரு குழந்தை எனக்குச் சொன்னா."

அந்த வாரம்தான் பள்ளியில் சேர்ந்த ஒரு பொடியன் மூலையிலிருந்து கேட்டான்: "அப்ப அது பாலக் குடிச்சா வெள்ளையாயிடுமா?"

பள்ளிக்கூடமே கொல்லென்று சிரித்தது. நாச்சி மட்டும் உடனே சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று முதலில் ஓரமாக நின்ற பள்ளி வாத்தியாரின் முகத்தைப் பார்த்தாள்.