மாளிகைச் சுவரும் ஒரு கூடை அப்பளமும்

குளிர்க்கோடு என்று ஒரு மலைநாடு இருந்தது. அங்கே வருடத்தில் எட்டு மாதம் மழை பெய்யும். மீதி நான்கு மாதம் மழை எப்போது வரும் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த நாட்டை ஆண்டவன் பொறைமாறன்.

அவன் அரசில் ஒரு வழக்கம் உண்டு. அரண்மனைச் சொத்து எதற்கும் யாரும் குறை சொல்லக் கூடாது. சொன்னால் அரசனையே குறை சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். அதனால் எல்லாம் நலம் என்றுதான் ஓலை வரும். மலையடிப் பாலம் இடிந்த செய்தியை அரசன் ஆற்றில் விழுந்துதான் தெரிந்துகொண்டான்.

அரசனின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சம்பந்தி வீட்டார் ஆவணியில் வருகிறார்கள். அவர்களைத் தங்கவைக்கத் தாத்தா காலத்து மாளிகை ஒன்று இருந்தது. அதன் வெளிச்சுவரில் பாசி படர்ந்து, தூரத்தில் நின்று பார்த்தால் தோட்டம் எழுந்து நிற்பதுபோல இருக்கும்.

“ஆடி முடிவதற்குள் சுவர் வெள்ளைவெளேர் என்று இருக்க வேண்டும்” என்றான் அரசன்.

மராமத்து அதிகாரி செங்கோடர் உடனே சுவரைப் பார்வையிட்டார். பல்லக்கை விட்டு இறங்கவில்லை. இறங்கினால் செருப்பு நனையும். திரையைக்கூட விலக்கவில்லை, விலக்கினால் சாரல் அடிக்கும். இவ்வளவு சிரமப்பட்டுப் பார்வையிட்டுவிட்டு, “சுவர் அப்பளம்போலக் காய்ந்திருக்கிறது. உடனே சுண்ணாம்பு அடிக்கலாம்” என்று எழுதிக் கொடுத்தார்.

சுண்ணாம்பு மேஸ்திரி உடையாண்டி தன் ஆட்களோடு வந்து பாசியைச் சுரண்டினார். மூன்று முறை சுண்ணாம்பு அடித்தார். மூன்று முறையும் மழை அதைக் கழுவிக்கொண்டு போயிற்று. மாளிகைக்குப் பதிலாகக் கீழே இருந்த வாழைத்தோப்பு முழுக்க வெள்ளையாயிற்று.

“மேஸ்திரிக்கு வேலை தெரியவில்லை” என்றார் செங்கோடர்.

அரசன் முகம் சிவந்தது. “இன்னும் பத்து நாள். சுவர் வெளுக்காவிட்டால் நீயும் உன் ஆட்களும் குடும்பத்தோடு எல்லை தாண்டிவிட வேண்டும்.”

இருபத்திரண்டு குடும்பங்கள். உடையாண்டி நேராக அரசவை விகடர் ஆவுடையிடம் போனார்.

“ஐயா, ஈரச் சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. முதலில் கூரை ஒழுகலை அடைக்கணும். அப்புறம் ஒரு மாசம் வெயில் காயணும். இதை நான் சபையில் சொல்லலாமா?”

“சொல்லலாம். சொன்னால் எல்லை தாண்டுவதற்குப் பத்து நாள் காத்திருக்க வேண்டாம்.”

“அப்ப நீங்க சொல்லுங்க.”

“நான் மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கமா பிறந்தேன்? சொன்னால் எனக்கும் அதே கதிதான். கவலைப்படாமல் போம் ஓய். சொல்லக்கூடிய ஒருத்தர் இருக்கிறார். அவரைச் சொல்லவைப்போம்.”

மறுநாள் காலை அரண்மனைச் சமையற்கட்டில் ஆவுடை ஒரு கூடை அப்பளம் பொரிக்கச் சொன்னார். பாதியை அடுப்பங்கரையில் வைத்தார். மீதியை மாளிகைச் சுவரின் உட்பக்க மாடத்தில் வைத்துவிட்டு வந்தார். மதியம் அரசன் சாப்பிட உட்கார்ந்தான். செங்கோடரும் பந்தியில் இருந்தார். ஆவுடை முதலில் மாடத்து அப்பளத்தைப் பரிமாறவைத்தார்.

அரசன் கடித்தான். சத்தமே இல்லை. இழுத்தான். அது நீண்டது.

“என்ன இது, தோலா?”

“அப்பளம், மன்னா. செங்கோடரே, எப்படி இருக்கிறது?”

செங்கோடர் வாய் நிறைய மென்றுகொண்டிருந்தார். “அருமை! மொறுமொறுவென்று இருக்கிறது.”

“காதில் விழவில்லையே?”

“மெதுவாக மொறுமொறுக்கிறது.”

ஆவுடை அடுப்பங்கரை அப்பளத்தை வைத்தார். அரசன் கடித்தான். படார் என்று உடைந்து, துணுக்கு ஒன்று செங்கோடர் தலைப்பாகையில் விழுந்தது.

“இது அப்பளம்! முதலில் வைத்தது ஏன் அப்படி இருந்தது?”

“இரண்டும் ஒரே மாவு, ஒரே எண்ணெய் மன்னா. இது அடுப்பருகே இருந்தது. அது தங்கள் மாளிகைச் சுவர் மாடத்தில் இருந்தது.”

“அப்படியானால் அந்தச் சுவர் ஒரே ஈரமாக அல்லவா இருக்க வேண்டும்!” என்றான் அரசன்.

ஆவுடை பதறியதுபோலக் காதைப் பொத்திக்கொண்டார்.

“மன்னா, நாங்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை.”

அரசன் செங்கோடர் பக்கம் திரும்பினான். “உம் வீடு மட்டும் பளபளவென்று வெள்ளையாக இருக்கிறதே. யார் அடித்தது?”

“இதே உடையாண்டிதான், மன்னா.”

“எப்போது?”

“மாசியில்.”

“ஏன் மாசியில்?”

“அப்போதுதானே சுவர் நன்றாகக் காய்ந்...” செங்கோடர் பாதியில் நிறுத்திக்கொண்டு, மிச்ச அப்பளத்தை அவசரமாக வாயில் போட்டுக்கொண்டார்.

அரசன் கையை உதறினான். “அப்படியானால் மேஸ்திரி மாளிகைக்கும் மாசியில் அடிக்கட்டும். அவரையோ ஆட்களையோ யாரும் எல்லைக்கு அனுப்ப வேண்டாம். ஆனால் ஆவுடை, சம்பந்தியை எங்கே தங்கவைப்பேன்?”

“நாட்டிலேயே வெள்ளையான வீடு செங்கோடருடையது. அங்கேயே தங்கட்டும்.”

“அவர் எங்கே போவார்?”

“மாளிகை காலியாகத்தானே இருக்கிறது? அப்பளம்போலக் காய்ந்த வீடு. அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்.”

“மன்னா, எனக்கு மூட்டுவலி...” என்று தொடங்கினார் செங்கோடர்.

“காய்ந்த வீடு மூட்டுக்கு ரொம்ப நல்லது” என்றார் ஆவுடை. “இல்லை, மாளிகையில் ஏதாவது குறை என்கிறீர்களா?”

செங்கோடர் வாயைத் திறந்தார். வழக்கம் நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டார். அன்றே குடி போனார்.

அரசன் ஆவுடைக்கு ஒரு பட்டுச் சால்வை கொடுத்தான். ஈரம் படாத இடமாகப் பார்த்து வைக்கும்படியும் சொன்னான்.

ஒரு வாரம் கழித்து மாளிகையிலிருந்து செங்கோடரின் ஓலை வந்தது. அரசன் அதைப் படித்துவிட்டுப் பேசமுடியாமல் சிரித்து, ஆவுடையிடம் நீட்டினான்.

“மன்னர் சமூகத்துக்கு வணக்கம். மாளிகை நலம். என் மெத்தையில் காளான் முளைத்திருக்கிறது. அதுவும் நலம்.”