சுல்தான் பின்னிய கயிறு

உதுமானிய அரண்மனையில் ஒரு சுல்தான் கண்ணை மூடினால் ஊர் இரண்டு முறை அழ வேண்டும். முதலில் செத்துப்போன அப்பாவுக்காக. அப்புறம், பட்டம் கிடைக்காத பிள்ளைகளுக்காக. அண்ணன் அரியணையில் ஏறிய கையோடு தம்பிகளின் கழுத்தில் பட்டுக் கயிறு ஏறும். ராஜ வம்சத்து ரத்தம் ஒரு சொட்டுக்கூட மண்ணில் சிந்தக் கூடாதாம். அதனால் கத்தி கிடையாது, கயிறுதான். என்ன ஒரு மரியாதை பாருங்கள்.

ஷாஹின் என்றொரு சுல்தான் அப்பா இறந்ததும் பட்டத்துக்கு வந்தார். அவருக்கு ஒரே தம்பி, தாஹிர். நாடு, படை என்று எதையும் நினைக்காமல் துலிப் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மனிதர். ஆனால் பிரதம வசீர் கெய்வான் பாஷா சும்மா இருப்பாரா? "தம்பி இருக்கிறவரை தங்களுக்கு நிம்மதியான தூக்கம் ஏது, பாதுஷா?" என்று காலையும் மாலையும் காதில் ஓதினார். சுல்தானும் கடைசியில் தலையாட்டிவிட்டார்.

செய்தி முனிரின் காதுக்கு எட்டியது. சுல்தானைச் சிரிக்க வைப்பதற்கென்றே அரண்மனையில் சம்பளம் வாங்குகிறவர் அவர். அண்ணன் தம்பி இருவரையும் சின்ன வயதில் முதுகில் ஏற்றிக்கொண்டு குதிரையாக ஓடியவர். நேரே போய் சுல்தானின் காலில் விழுந்தார்.

"எழுந்திரும். தம்பியின் உயிரைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் கேளும். இது வம்சத்து வழக்கம், என் கையில் இல்லை" என்றார் சுல்தான். சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முனிர் யோசித்தார். அந்த வம்சத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. இளவரசர்கள் ஆளுக்கொரு கைத்தொழில் பழக வேண்டும். ஷாஹின் பழகியது பட்டுக் கயிறு பின்னுவது. கற்றுக்கொடுக்க வந்த ஆசாமி தன் தலைக்குப் பயந்து முதல் நாளே "பிரமாதம்" என்று சொல்லிவிட்டார். அன்றோடு பாடம் முடிந்தது. சுல்தான் பின்னிக் கொடுக்கும் இடுப்புக் கயிற்றை மந்திரிகள் பெருமையோடு கட்டிக்கொள்வார்கள். உள்ளே சத்தமில்லாமல் ஒரு தோல் வாரையும் கட்டிக்கொள்வார்கள். வாரை மறந்த ஒரு நாள், வெளிநாட்டுத் தூதர் முன்னால் முனிர் பட்ட பாட்டை இங்கே சொல்வதற்கில்லை.

"அப்படியானால் ஒன்றே ஒன்று கேட்கிறேன்" என்றார் முனிர். "கடைத்தெருக் கயிறா இளவரசர் கழுத்தில் ஏறுவது? தாங்களே பின்னிய கயிறாக இருக்கட்டும். அண்ணன் கைவேலை என்ற ஆறுதலாவது அவருக்கு மிஞ்சட்டும்."

சுல்தானின் முகம் மலர்ந்துவிட்டது. கெய்வான் பாஷாவும் முந்திக்கொண்டார். "நல்ல யோசனை. பாதுஷாவின் கயிற்றில் கப்பலையே கட்டி இழுக்கலாம். சபையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே."

குறித்த நாளில் சபை கூடியது. தாஹிரை அழைத்து வந்தார்கள். அவர் அழவில்லை, கெஞ்சவில்லை. "அண்ணா, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற யாரிடமாவது சொல்லிவிடுங்கள்" என்றார். சுல்தான் தரையைப் பார்த்தார். முனிர் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் ஒரே ஒரு கயிறு மட்டும் தப்பித் தவறி நன்றாக அமைந்திருந்தால்?

ஊமைக் காவலர் இருவர் கயிற்றைக் கழுத்தில் சுற்றி ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். பட்டென்று அறுந்தது. ஒருவன் வடக்கே விழுந்தான், ஒருவன் தெற்கே விழுந்தான். நடுவில் இளவரசர் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வேறு கயிறு கொண்டுவாருங்கள்," கெய்வான் பாஷா பதறினார். "நல்ல கயிறாக."

"நல்ல கயிறா?" முனிர் மெதுவாகத் திரும்பினார். "அப்படியென்றால் இது என்ன கயிறு, பாஷா?"

சுல்தான் நிமிர்ந்து வசீரைப் பார்த்தார். வசீரின் கை தானாகத் தன் கழுத்தைத் தடவியது.

"இதுவும் நல்ல கயிறுதான். நான் அப்படிச் சொல்லவில்லை."

"கப்பலை இழுக்கும் என்றீர்களே" என்றார் முனிர்.

"இழுக்கும். இப்போதும் சொல்கிறேன், இழுக்கும்."

"கப்பலை இழுக்கிற கயிறு ஒரு ஒல்லிக் கழுத்திடம் ஏன் தோற்றது? பின்னியவர் மேல் குற்றமா, இல்லை மேலே இருக்கிறவன் வேண்டாம் என்கிறானா? தாங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்."

கெய்வான் பாஷா சுல்தானைப் பார்த்தார், அறுந்த கயிற்றைப் பார்த்தார். கடைசியில் அவர் வாயாலேயே வந்தது: "ஆண்டவன் சித்தம்."

"வசீரே சொல்லிவிட்டார்," சுல்தான் சட்டென்று எழுந்தார். "ஆண்டவன் விட்டவனை நான் தொட மாட்டேன். தாஹிரைத் தோட்டத்துக்கு அழைத்துப் போங்கள்." அவர் மூச்சை இழுத்து விட்டதில் எவ்வளவு பாரம் இறங்கியது என்பது முனிருக்கு மட்டும் தெரிந்தது.

சபை கலைந்த பிறகு சுல்தான் தன் சால்வையைக் கழற்றி முனிருக்குப் போர்த்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நாம் இருவர்தான் இருக்கிறோம். உண்மையைச் சொல்லும். என் கயிறு அவ்வளவு மட்டமா?"

"மற்றவர்களெல்லாம் அதை வாயால்தான் புகழ்கிறார்கள், பாதுஷா" என்றார் முனிர். "நாடு முழுக்கத் தேடினாலும் மனசாரப் புகழக்கூடியவர் ஒருவர்தான். அவரைப் போய்க் கொல்லப் பார்த்தீர்களே."